யானைக்கும் மூஞ்சூறுக்கும் படிக்கணக்கு

(சொற்பொழிவு)



இன்று நாம் பேச எடுத்துக் கொண்டிருக்கும் விஷயம் யானை, எலி, நரி, கரடி முதலிய பிராணிகளுக்கு எவ்வளவு தீனி வேண்டும், ஏன் அவ்வளவு வேண்டும் என்பதாகும். இதைக் கேட்டவுடன் சிலர், "பகுத்தறிவு பேச வந்தவர்கள் எலிக்கணக்கும் நரிக்கணக்கும் பார்ப்பானேன்?" என்று நினைக்கக்கூடும். இந்தக் கணக்கு தொடங்குவது எலிவளையில் என்றாலும், முடிவது உங்கள் வீட்டில் பிள்ளை பெற்றவள் படுத்திருக்கும் அறையில் என்பதை முதலிலேயே சொல்லி வைக்கிறோம். ஆதலால் கொஞ்சம் பொறுமையோடு கேட்கும்படி வேண்டிக் கொள்ளுகிறோம்.

யானைக்கும், கல்லுக்குள் இருக்கும் தேரைக்கும் படியளக்கிறவன் ஒருவன் இருக்கிறான் என்று நமது ஜனங்கள் சொல்லுவது வழக்கம். அளக்கிறவன் இருக்கிறானா இல்லையா என்கின்ற வழக்கை இன்று நாம் எடுக்கப் போவதில்லை. படி எவ்வளவு, அது எதனால் கூடுகிறது, எதனால் குறைகிறது என்பதை மாத்திரம் பார்ப்போம். கணக்கு முழுவதும் தெரிந்து விட்டால், அப்புறம் கணக்குப் பிள்ளைக்கு என்ன வேலை என்பதை நீங்களே யோசித்துக் கொள்ளலாம்.

உடம்பு ஓர் அடுப்பு

மனிதன், மாடு, நாய், பூனை, எலி, திமிங்கிலம் முதலிய, குட்டி போட்டுப் பால் கொடுக்கும் பிராணிகளுக்கெல்லாம் பொதுவான ஒரு குணம் உண்டு. வெளியில் வெயிலடித்தாலும் பனி பெய்தாலும் அவைகளின் உடம்புக்குள் இருக்கும் உஷ்ணம் அநேகமாக ஒரே அளவில் நிற்கும். மனிதனுக்கு அது 37 டிகிரி. பாம்பும் ஓணானும் அப்படியல்ல. அவை வெயிலில் காய்ந்து உஷ்ணத்தை இனாமாகப் பெற்றுக் கொள்ளுகின்றன. அதனாலேயே ஒரு மலைப்பாம்பு ஒரு தடவை வயிறு நிறைய விழுங்கிவிட்டுப் பல வாரங்கள் சும்மா கிடக்க முடிகிறது. நம்மால் முடியாது. ஏனென்றால், நமக்குள் ஓர் அடுப்பு இரவும் பகலும் அணையாமல் எரிந்து கொண்டிருக்கிறது. நாம் வேலை செய்தாலும் செய்யாவிட்டாலும் அதற்கு விறகு போட்டே தீர வேண்டும். அந்த விறகுதான் சோறு.

அடுப்பு என்று நாம் வெறும் அலங்காரத்துக்காகச் சொல்லவில்லை. பிரஞ்சு தேசத்தில் லவாய்சியர், லாப்லாஸ் என்கின்ற இருவர், கினிப்பன்றி என்று பெயருள்ள, எலி ஜாதியைச் சேர்ந்த ஒரு சிறு பிராணியைச் சுற்றிலும் பனிக்கட்டி நிரப்பிய ஒரு பாத்திரத்துக்குள் வைத்தார்கள். அதன் உடம்புச் சூட்டினால் எவ்வளவு பனிக்கட்டி உருகித் தண்ணீராகிறது என்று நிறுத்துப் பார்த்தார்கள். அது விடும் மூச்சில் எவ்வளவு கரியமிலவாயு வெளிவருகிறது என்றும், அதே அளவு வாயு உண்டாகும்படி கரியை எரித்தால் எவ்வளவு பனிக்கட்டி உருகுகிறது என்றும் பார்த்தார்கள். இரண்டு கணக்கும் கிட்டத்தட்ட ஒத்து வந்தது. ஆகவே, சுவாசிப்பது என்பது மெள்ள மெள்ள எரிவதுதான் என்று 1783-ல் சொன்னார்கள். பிராணன் என்றும் ஜீவாக்கினி என்றும் மர்மமாகப் பேசப்பட்டு வந்த சங்கதி அன்றைக்குத் தராசுத் தட்டுக்கு வந்து விட்டது. லவாய்சியரின் தலை 1794-ல் புரட்சிக் கோர்ட்டின் தீர்ப்பினால் வெட்டப்பட்டது. அவர் போட்ட கணக்கை வெட்ட ஒருவராலும் முடியவில்லை.

சிறு பாத்திரம் சீக்கிரம் ஆறும்

நிற்க, எல்லா அடுப்புக்கும் ஒரே அளவு விறகு போதுமா? ஓர் அண்டா நிறைய வெந்நீரும், ஒரு டம்ளர் வெந்நீரும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். டம்ளர் நீர் சீக்கிரம் ஆறிவிடும்; அண்டா நீர் வெகு நேரம் சூடாக இருக்கும். இது நமது தாய்மார்களுக்குத் தெரியாததல்ல. காரணம் என்ன?

ஓர் அங்குலச் சதுர வெல்லக்கட்டி ஒன்றை எடுத்துக் கொள்ளுங்கள். அதற்கு ஆறு முகம். ஆகவே மேல்பரப்பு 6 சதுர அங்குலம். இரண்டு அங்குலக் கட்டிக்கோ மேல்பரப்பு 24 சதுர அங்குலம். அதாவது 4 மடங்கு. ஆனால் வெல்லம் 8 மடங்கு. வெல்லம் பெருகிய அளவுக்கு மேல்பரப்பு பெருகவில்லை. உடம்பின் கதையும் இதுதான். சூடு உண்டாவது உடம்பு முழுவதிலும்; அது வெளியேறுவது பெரும்பாலும் தோல் வழியாக. பெரிய பிராணிக்கு அதன் எடையைப் பார்க்கத் தோல் குறைவு. சிறிய பிராணிக்கு அதன் எடையைப் பார்க்கத் தோல் அதிகம். ஆகவே சிறியது சீக்கிரம் ஆறுகிறது. ஆறாமல் இருக்க வேண்டுமானால் வேகமாக எரிய வேண்டியிருக்கிறது.

ஜெர்மனியில் ருப்னர் என்பவர் 1883-ல் இதைச் சிறிதும் பெரிதுமான பல நாய்களை வைத்துக் கணக்கெடுத்து வெளியிட்டார். 31 கிலோ எடையுள்ள நாய் ஒரு நாளைக்குக் கிலோ ஒன்றுக்கு ஏறக்குறைய 36 கலோரி செலவழித்தது. 3 கிலோ நாய்க்குட்டனோ கிலோ ஒன்றுக்கு 88 கலோரி செலவழித்தது. ஆனால் தோலின் பரப்பைக் கொண்டு வகுத்துப் பார்த்தபோது இரண்டும் அதிக வித்தியாசமில்லாமல் வந்தது. விஷயம் முடிந்தது என்றே பலர் எண்ணினார்கள்.

முடியவில்லை. 1932-ல், சுவிட்சர்லாந்தில் பிறந்து கலிபோர்னியாவில் வேலை பார்த்த கிளைபர் என்பவர், புறா முதல் காளைமாடு வரையில் கணக்கைச் சேர்த்துப் பார்த்து, தோல் கணக்கு மாத்திரம் போதாது என்று சொன்னார். அவர் கண்ட விதியைச் சுலபமாகச் சொல்லுவதானால், எடை 16 மடங்கானால் செலவு 8 மடங்காகிறது; எடை 10,000 மடங்கானால் செலவு 1,000 மடங்காகிறது. தோலை மாத்திரம் கணக்கில் எடுத்தால் வரக்கூடியதைவிட இது அதிகம். ரத்தக் குழாய்கள் கிளைகிளையாய்ப் பிரிந்து உடம்பெங்கும் ஆகாரத்தைக் கொண்டுபோகும் அமைப்பே இதற்குக் காரணம் என்று 1997-ல் மூன்று ஆராய்ச்சிக்காரர்கள் சொன்னார்கள். மற்றும் சிலர் அதை மறுத்தார்கள். ருப்னர் சொன்னதைக் கிளைபர் திருத்தினார் என்பதற்காக ஒருவரும் கிளைபரை ஜாதியை விட்டுத் தள்ளவில்லை. நரகத்துக்குப் போவாய் என்று சபிக்கவும் இல்லை. திருத்துவதற்கு இடம் வைத்திருப்பதுதான் அறிவு என்பதற்கு இதுவே போதுமான அத்தாட்சி.

யானையும் எலியும்

இந்தக் கணக்கின்படி, 4,000 கிலோ எடையுள்ள யானை சும்மா படுத்துக் கிடப்பதற்கு மாத்திரம் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 35,000 கலோரி வேண்டும். அரிசிக் கணக்கில் சொன்னால் அது சுமார் 10 கிலோ அரிசியில் அடங்கிய சக்தி. 20 கிராம் எடையுள்ள சுண்டெலிக்கு ஒரு கிராம் அரிசியின் சக்தி போதும். அப்படியானால் எலிதானே சிக்கனம் என்று தோன்றும். ஆனால் யானை எடைக்கு எலிகளை நிறுத்தால் 2 லட்சம் எலி நிற்கும். அந்த 2 லட்சம் எலிக்கும் ஒரு நாளைக்கு 200 கிலோவுக்கு மேல் அரிசியின் சக்தி வேண்டும்! ஒரே எடை, செலவோ ஏறக்குறைய 20 மடங்கு. ஒரே குடும்பமாகச் சமைத்துச் சாப்பிட்டால் ஓர் அடுப்பு. ஆளுக்கொரு குடித்தனம் போனால் ஆளுக்கோர் அடுப்பு என்பது போலத்தான்.

படங்களில் யானைத் தலைக்குக் கீழே மூஞ்சூறு நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். எது எதைச் சுமக்க முடியும் என்பதை இன்று விட்டு விடுவோம். ஆனால் இந்தக் கணக்குக்கு அவ்விரண்டையும்விடப் பொருத்தமான ஜோடி கிடையாது. நம் வீட்டு மூஞ்சூறின் இனத்தைச் சேர்ந்த ஒரு குட்டி மூஞ்சூறு தென் ஐரோப்பாவிலும் ஆசியாவின் சில பாகங்களிலும் இருக்கிறது. எடை சுமார் 2 கிராம்தான். யானையின் இருதயம் நிமிஷத்துக்குச் சுமார் 30 தடவை அடிக்கும்போது, இதன் இருதயம் 1,000 தடவைக்கு மேல் அடிக்கிறது. தினந்தோறும் தன் எடைக்குக் குறையாமல் பூச்சி புழுக்களைத் தின்கிறது. சில மணி நேரம் இரை கிடைக்காவிட்டால் அதன் உயிருக்கே ஆபத்து. இதில் பாவமுமில்லை, புண்ணியமுமில்லை. சிறிய உடம்பின் செலவு அவ்வளவு.

குளிரும் வெயிலும்

இனி, சீதோஷ்ணத்தின் சங்கதியைப் பார்ப்போம். உடம்புக்கும் வெளிக்காற்றுக்கும் உள்ள வித்தியாசம் எவ்வளவு அதிகமோ அவ்வளவு சூடு ஓடிப்போகும். ஆகவே குளிர் தேசத்துப் பிராணி ஒன்று அதிகமாக எரிக்க வேண்டும். அல்லது சூடு ஓடாமல் மூடி வைக்க வேண்டும்.

ஷோலாண்டர், இர்விங் என்பவர்களும் அவர்களுடைய தோழர்களும், அலாஸ்காவின் வடகோடியிலுள்ள பாரோ முனையிலும், வெப்ப தேசமாகிய பனாமாவிலும் பல பிராணிகளை ஆராய்ந்து 1950-ல் முடிவை வெளியிட்டார்கள். பனாமாப் பிராணிகளுக்கு, காற்று 20-க்கும் 30-க்கும் இடைப்பட்ட ஏதோ ஒரு டிகிரிக்குக் கீழே இறங்கியவுடனேயே செலவு ஏற ஆரம்பித்து விட்டது. வட துருவப் பனிநரிக்கோ, பூஜ்யத்துக்குக் கீழே 30 டிகிரி குளிரிலும் செலவு ஏறவில்லை. அதன் ரோமம் அவ்வளவு கனமான போர்வை. துணியில்லாத மனிதனுக்கு ஏறக்குறைய 27 டிகிரியிலேயே செலவு ஏற ஆரம்பிக்கிறது. இந்த விஷயத்தில் வெள்ளைக்காரன், கறுப்பன், மேல்ஜாதி, கீழ்ஜாதி எல்லோரும் பனாமாப் பிராணிகளின் வரிசையைச் சேர்ந்தவர்கள்தான். குளிர் தேசத்தில் மனிதனைக் காப்பாற்றியது சட்டையும், வீடும், நெருப்புமே ஆகும்.

பனிநரிக்குக் கிடைத்த போர்வை எலிக்குக் கிடைக்கக் கூடாதா என்றால், எலியின் மேல் நரியின் ரோமத்தைப் போர்த்தினால் அதனால் நகரவே முடியாது. ஆதலால் குளிர் தேசத்துச் சிறு பிராணிகள் பனிக்கு அடியில் வளை தோண்டிக் குளிர்காலத்தைக் கழிக்கின்றன. பெரிய உடம்புக்கே குளிரில் சிக்கனம் அதிகம் என்பதால், ஒரே இனத்திலும் குளிர் தேசத்தில் இருப்பவை பெரியவையாக இருக்கப் பார்க்கும் என்று ஜெர்மனியில் பெர்க்மன் என்பவர் 1847-ல் சொன்னார். சைபீரியாவில் ஆண்புலி 180 கிலோவுக்கு மேல் போவது சாதாரணம். சுமத்ராத் தீவின் ஆண்புலி 140 கிலோவைத் தாண்டுவது அரிது. இதற்கு விலக்குகளும் உண்டு. தீனி, வேட்டை முதலிய வேறு காரணங்களும் சேருகின்றன.

"யானை வெயில் தேசத்தில் இருக்கிறதே?" என்று கேட்பீர்கள். இருக்கிறது, ஆனால் அதன் கஷ்டம் நேர் விரோதமானது. உண்டான சூட்டை வெளியேற்றத் தோல் போதவில்லை. ஆகவே உடம்பில் ரோமம் குறைவு; முறம் போன்ற காதை ஓயாமல் வீசிக் கொள்ளுகிறது; சேற்றையும் தண்ணீரையும் வாரி இறைத்துக் கொள்ளுகிறது. தண்ணீர் கிடைக்காத ஒட்டகமோ உடம்புச் சூட்டை விடியற்காலையில் 34 டிகிரிக்கு இறங்கவும், பிற்பகலில் 41 டிகிரி வரையில் ஏறவும் விட்டுவிட்டு, வியர்வையை மிச்சப்படுத்துகிறது.

காற்றைக் குடித்து வாழுகிறவர்கள்

ஆகாரமின்றி இருக்கும் பிராணிகள் இல்லையா என்றால், இருக்கின்றன. அலாஸ்காவின் கறுப்புக் கரடி 5 மாதம் முதல் 7 மாதம் வரையில் தின்னாமல் குடிக்காமல் குகையில் உறங்குகிறது. 2011-ல் வெளியான ஆராய்ச்சியில், அந்தக் காலத்தில் அதன் செலவு சாதாரணமாக ஓய்ந்திருக்கும்போது ஆவதில் கால் பாகமாகக் குறைந்து போவதாகக் கண்டார்கள். வடதுருவத்து நில அணில் ஒன்றின் உடம்புச் சூடு, குளிர்கால உறக்கத்தில் பூஜ்யத்துக்கும் கீழே சுமார் 3 டிகிரி வரையில் இறங்குவதை 1989-ல் வெளியிட்டார்கள். யோகமும் சித்தியும் இதற்குத் தேவைப்படவில்லை. கோடையில் தின்று சேர்த்த கொழுப்பு விறகாகிறது. அடுப்பும் தணிந்து எரிகிறது. கரடி தன் சேமிப்பைத் தின்கிறது, அவ்வளவுதான்.

60 கிலோ எடையுள்ள மனிதன் கண்ணை மூடிக் கொண்டு படுத்திருந்தாலும் நாளைக்கு ஏறக்குறைய 1,500 கலோரி செலவாகும். கரடியைப் போல் அடுப்பைத் தணிக்க அவனால் முடியாது. காற்றில் கலோரி கிடையாது. ஆகவே, பல வருஷமாகக் காற்றை மாத்திரம் உட்கொள்ளுகிறேன் என்று எந்த மகானாவது சொன்னால், காலில் விழுவதற்கு முன்பு ஒரு தராசைக் கொண்டுவந்து, அவரைத் தனியே வைத்துப் பத்து நாள் நிறுத்துப் பாருங்கள்.

பிறந்த குழந்தையின் கணக்கு

இப்பொழுது பிரசவ அறைக்கு வருவோம். மனிதர்களுக்குள் மூஞ்சூறு நிலையில் இருப்பது யார்? பிறந்த குழந்தை. 3 கிலோக் குழந்தைக்கு, எடைக்கு எடை பார்த்தால், பெரியவர்களைவிட இரண்டு மடங்குக்கு மேல் தோல் இருக்கிறது. 37 டிகிரி உள்ள தாயின் வயிற்றிலிருந்து, அதைவிட எத்தனையோ டிகிரி குளிர்ந்த காற்றுக்கு அது திடீரென்று வருகிறது. நனைந்த உடம்போடு வருகிறது. அந்த ஈரம் உலரும்போது சூட்டையும் கொண்டுபோகிறது. பெரியவர்களைப் போல் உடம்பு நடுங்கிச் சூடு உண்டாக்கிக் கொள்ள அதற்குத் திறமில்லை. பிடரியிலும், தோள்பட்டைகளுக்கு நடுவிலும், குண்டிக்காயைச் சுற்றியும் உள்ள பழுப்பு நிறக் கொழுப்பை எரித்தே சமாளிக்கிறது. எடை குறைந்தும், மாதம் நிரம்பாமலும் பிறந்த குழந்தைக்குத் தோல் இன்னும் அதிகம். அந்தக் கொழுப்போ இன்னும் குறைவு.

அப்படிப்பட்ட ஜீவனை நமது பழக்க வழக்கங்கள் என்ன செய்கின்றன? பிறந்தவுடனே அழுக்கென்று தண்ணீரில் குளிப்பாட்டுகிறார்கள். அதாவது, ஆறிப்போகிற டம்ளரை மறுபடியும் நனைத்து வைக்கிறார்கள். சீம்பால் ஆகாது என்று பீய்ச்சிக் கொட்டிவிட்டு, சேனை வைப்பதாகச் சர்க்கரைத் தண்ணீரை நாக்கில் தடவுகிறார்கள். அதாவது, எரிகிற அடுப்பிலிருந்து விறகைப் பிடுங்குகிறார்கள். தீட்டு என்று தாயையும் பிள்ளையையும் ஈரமான மூலையில் ஒதுக்குகிறார்கள். குளிர்ந்த குழந்தை சோர்ந்து போகும், பால் குடிக்காது. பால் குடிக்காததால் இன்னும் குளிரும். இப்படியே அடுப்பு அணைந்து போனால், காற்றுக் கறுப்பு பட்டு விட்டது என்றும், கண்ணேறு என்றும், தலையெழுத்து என்றும் சொல்லி அழுகிறார்கள். இன்று பிரசவம் பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் நடப்பதால் இவற்றில் சில குறைந்திருக்கின்றன. ஆனாலும் வீடு திரும்பியதும் பழைய வழக்கம் வாசலிலேயே காத்துக் கொண்டிருக்கிறது. நாம் தாய்மார்களைக் குற்றம் சொல்லவில்லை. அவர்களுக்குக் கணக்கைச் சொல்லிக் கொடுக்காமல் கதையை மாத்திரம் சொல்லிக் கொடுத்தவர்களையே சொல்லுகிறோம்.

செய்ய வேண்டியது மிகச் சுலபம். பிறந்தவுடன் காய்ந்த துணியால் துடைத்து, துணியில்லாமல் தாயின் வெறும் மார்பின்மேல் படுக்க வைத்து, இருவரையும் சேர்த்துப் போர்த்துங்கள். தலைக்குக் குல்லா போடுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கொடுங்கள். முதல் குளியலை 24 மணி நேரமாவது தள்ளிப் போடுங்கள். இவை உலக சுகாதார ஸ்தாபனம் சொல்லும் யோசனைகள். குழந்தையின் பாதத்தையும் வயிற்றையும் தொட்டுப் பாருங்கள். பாதம் மாத்திரம் சில்லிட்டிருந்தால் குளிர் தாக்குகிறது என்று அர்த்தம். வயிறும் சில்லிட்டிருந்தால் ஆபத்து. மார்போடு அணைத்துக் கொண்டே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். மந்திரிக்கிறவன் வீட்டுக்குப் போக நேரமில்லை.

தென் அமெரிக்காவில் கொலம்பியா தேசத்துப் பொகோடா நகர ஆஸ்பத்திரி ஒன்றில், குறைமாதக் குழந்தைகளுக்குச் சூட்டுப் பெட்டிகள் போதாமையால், 1978-ல் எட்கர் ரே என்கின்ற டாக்டர் தாயின் மார்பையே பெட்டியாக்கும் முறையை ஆரம்பித்தார். கங்காரு தன் குட்டியை வயிற்றுப் பையில் வைத்துக் காப்பது போன்றதால் அதற்குக் கங்காரு முறை என்று பெயர். இந்தியா, கானா, மலாவி, நைஜீரியா, டான்சானியா ஆகிய ஐந்து தேசங்களில், 1 கிலோவிலிருந்து 1.8 கிலோவுக்குள் பிறந்த குழந்தைகளிடம் இதைச் சோதித்து 2021-ல் முடிவை வெளியிட்டார்கள். முதலில் தனியே வைத்துக் கவனித்து, நிலைமை தேறிய பிறகு தாயின் மார்பில் வைத்த குழந்தைகளில், 28 நாளுக்குள் இறந்தவை நூற்றுக்கு ஏறக்குறைய 16. பிறந்த உடனேயே மார்பில் வைக்கத் தொடங்கியவற்றில் இறந்தவை நூற்றுக்கு 12. நூற்றில் நான்கு குழந்தைகளின் தலையெழுத்தைத் தாயின் உடம்புச் சூடும், அந்த அணைப்போடு கூடிய கவனிப்பும் அழித்து எழுதி விட்டன. எழுதினவன் ஒருவன் இருந்திருந்தால் அவன் கையெழுத்து இவ்வளவு சுலபமாக அழிந்திருக்குமா?

தகப்பன்மார்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் மார்பிலும் அதே 37 டிகிரிதான் இருக்கிறது. தாய்க்கு உடம்பு முடியாதபோது, தீட்டென்றும் ஆண்பிள்ளை வேலையல்ல என்றும் திண்ணையில் உட்கார்ந்திராமல், சட்டையைக் கழற்றி விட்டுக் குழந்தையை மார்பில் போட்டுக் கொள்ளுங்கள்.

ஆகவே தோழர்களே! சிறிய உடம்புக்குச் செலவு அதிகம். குளிர் வந்தால் செலவு இன்னும் அதிகம். விறகு குறைந்தால் அடுப்பு அணையும். யானைக்கும் மூஞ்சூறுக்கும் நம் குழந்தைக்கும் கணக்கு இதுதான். நாம் சொன்னோம் என்பதற்காக இதை நம்ப வேண்டியதில்லை. இன்றிரவே அண்டாவிலும் டம்ளரிலும் வெந்நீர் வைத்து, அரைமணி கழித்துத் தொட்டுப் பாருங்கள். பார்த்த பிறகு, உங்கள் தெருவில் பிள்ளை பெறப் போகிறவள் ஒருத்தி இருந்தால், அவள் வீட்டிலும் போய்ச் சொல்லுங்கள் என்று கேட்டுக் கொள்ளுகிறோம்.